எம்ஜிபி: பெட்ரோல் பங்கில் என்னை நிறுத்திக் கேட்பவை

என்னிடம் 1971-ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி ஒன்று இருக்கிறது: எம்.ஜி. என்ற ஆங்கில நிறுவனம் செய்த, மூடிய கூரை கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தில் அதை எடுத்துக்கொண்டு பெட்ரோல் போடப் போனால் ஐந்து நிமிட வேலைக்கு அரை மணி நேரம் ஆகும். பக்கத்தில் நிற்பவர் ஒரு கேள்வி கேட்பார்; பதிலை முடிப்பதற்குள் தன் தந்தை வைத்திருந்த எம்.ஜி. பற்றி நான்கு கதை சொல்வார். ஊருக்குத் தொலைபேசியில் பேசினால் சித்தப்பா வேறு நான்கு கேள்விகளோடு காத்திருப்பார். ஆண்டுகள் போகின்றன, கேள்விகள் மாறுவதில்லை. அதனால் எழுதிவைத்துவிட்டேன். எளியவை முதலில், வம்பானவை பின்னால்.

எம்.ஜி. என்றால் என்ன? நம் ஊர் எம்.ஜி. ரோடு மாதிரி ஒரு தலைவர் பெயரா?

இல்லை. மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்ஃபோர்டில் வில்லியம் மோரிஸ் நடத்திய விற்பனை, பழுதுபார்ப்பு நிலையத்தின் பெயர் அது. 1922-இல் அங்கே பொது மேலாளரான செசில் கிம்பர், மோரிஸின் சாதுவான குடும்பக் கார்களுக்கு அழகான உடல் பொருத்தி, எஞ்சினைக் கொஞ்சம் முடுக்கிவிட்டு விற்றார். எண்கோணச் சின்னமும் அவர் காலத்தில் வந்ததுதான். 1929-இல் பக்கத்து ஊரான அபிங்டனில், ஒரு தோல் தொழிற்சாலை வளாகத்துக்குக் குடிபெயர்ந்தார்கள்.

ஊரில் ஓடும் சாதாரண வண்டியின் பாகங்களை எடுத்து ஸ்போர்ட்ஸ் கார் செய்வது என்ற அந்தப் பழக்கத்தை நினைவில் வையுங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு அதுதான் விடை.

இந்தியாவில் ஓடுகிற ஹெக்டரும் இதே எம்.ஜி.தானா?

பெயரும் சின்னமும் அதே. மற்றதெல்லாம் வேறு. எம்.ஜி. ரோவர் நிறுவனம் 2005-இல் திவாலானபோது சீனாவின் நான்ஜிங் நிறுவனம் சொத்துகளை வாங்கியது. பிறகு அது ஷாங்காயின் சாய்க் நிறுவனத்தோடு சேர்ந்தது. அவர்கள் குஜராத்தின் ஹாலோல் ஆலையை வாங்கி 2019-இல் ஹெக்டரை வெளியிட்டார்கள். இப்போது ஜேஎஸ்டபிள்யூ குழுமமும் பங்காளி. ஹெக்டர் வைத்திருப்பவர் என் வண்டியைப் பார்த்து "நம்ம கம்பெனி" என்று சொன்னால் நான் மறுப்பதில்லை. சொந்தம் கொண்டாட ஆள் வருவது நல்லதுதானே.

ஏன் பி? ஏ என்று ஒன்று இருந்ததா?

இருந்தது. போருக்கு முன்னும் பின்னும் வந்த எம்.ஜி.க்களுக்கு டி வரிசை, ஒய் வரிசை என்று பெயர் வைத்து எழுத்துகள் தீர்ந்துபோயின. 1955-இல் முழுக்கப் புதிய வடிவம் வந்தபோது மறுபடி முதலிலிருந்து தொடங்கி எம்ஜிஏ என்றார்கள். அது ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. 1962 செப்டம்பரில் பி வந்தது. 1967-இல் சி வந்தது. அந்தச் சோகக் கதை பின்னால் வருகிறது.

இதை இத்தாலிக்காரர்கள் வடிவமைத்தார்கள் என்று படித்தேனே?

பாதி உண்மை. திறந்த வண்டியின் உருவம் அபிங்டன் ஆட்களுடையது. தலைமைப் பொறியாளர் சிட் எனெவர். வரைபலகையில் கோடு போட்டவர் டான் ஹேய்ட்டர். அதற்கு முன்னால் இத்தாலியின் ஃப்ரூவாவிடம் எம்ஜிஏவின் சேஸி என்ற அடிச்சட்டத்தின் மேல் ஓர் உடல் செய்யச் சொன்னார்கள். வந்தது பகட்டாகவும் கனமாகவும் இருந்ததால் ஓரம் கட்டிவிட்டார்கள்.

இத்தாலியின் கை பட்டது மூடிய கூரை கொண்ட ஜிடியில். 1965-இல் வந்த அதன் கூரைக் கோட்டைச் சீர்செய்தது பினின்ஃபரினா. முன் கண்ணாடியின் உயரத்தைக் கூட்டியதுதான் அவர்கள் செய்த முக்கியமான வேலை. கேட்டால் அற்பமாகத் தோன்றும். திறந்த வண்டியின் குட்டைக் கண்ணாடியோடு அந்தக் கூரையைக் கற்பனை செய்து பாருங்கள். தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்ட ஆள் மாதிரி இருக்கும்.

அந்தக் காலத்தில் இதில் என்ன புதுமை?

உடல் மட்டும். எம்ஜிஏவில் தனியாக ஒரு கனமான சேஸி, அதன் மேல் உடல். எம்ஜிபியில் சேஸியே கிடையாது. தகடுகளை மடித்துப் பற்றவைத்த கூடுதான் பாரத்தைத் தாங்குகிறது. அதனால் வண்டி எம்ஜிஏவைவிட நீளத்தில் குறைந்தும், உள்ளே இடம் கூடியும் வந்தது. கால் நீட்டி உட்காரலாம், கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கலாம், கதவைப் பூட்டலாம். எம்ஜிஏ திறந்த வண்டியில் வெளிப்பக்கக் கைப்பிடிகூட இல்லை என்பதை நினைத்தால் இதெல்லாம் சொகுசு.

மற்றதெல்லாம் தாய் நிறுவனமான பிஎம்சியின் கிடங்கிலிருந்து வந்தவை. 1,798 சிசி பி-சீரிஸ் எஞ்சின், ஆஸ்டின், மோரிஸ் குடும்பக் கார்களில் ஓடியதன் பெரிய அண்ணன். பின்னால் லாரியில் பார்ப்பது போன்ற பட்டை ஸ்பிரிங். முன்னால் நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர். 1962-லேயே இவை பழசு. ஆனால் வரிக்கு முன் 690 பவுண்டுக்கு நூறு மைல் வேகம் தாண்டும் வண்டியை இப்படித்தான் கொடுக்க முடிந்தது.

வேகமாகப் போகுமா?

95 குதிரைத்திறன். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஏறக்குறைய 12 விநாடி. உச்ச வேகம் 165 கிலோமீட்டர் பக்கம். இன்றைய சின்ன ஹேட்ச்பேக் ஒன்று சிக்னலில் என்னைத் தூசியில் விட்டுப் போகும், போயிருக்கிறது. ஆனால் இருக்கை தரையோடு தரையாக இருப்பதால் அறுபது கிலோமீட்டர் வேகமே நூற்றிருபது மாதிரி இருக்கும். போலீஸ் அபராதம் இல்லாத வேக உணர்ச்சி.

"மூன்று பேரிங்", "ஐந்து பேரிங்" என்று பேசிக்கொள்கிறார்களே, அது என்ன?

எஞ்சினுக்குள் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குகளின் எண்ணிக்கை. தொடக்கத்தில் மூன்று. 1964 அக்டோபரிலிருந்து ஐந்து. ஐந்து வந்ததும் எஞ்சின் நிதானமாக, நெடுநாள் உழைக்கும்படி ஆனது. மூன்று பேரிங் எஞ்சின் கொஞ்சம் சுறுசுறுப்பாகச் சுழலும் என்று அதன் உரிமையாளர்கள் சாதிப்பார்கள். வாக்குவாதம் தேநீர் ஆறும்வரை நடக்கும். நெடுஞ்சாலையில் ஓட்டப்போகிறவர் ஐந்தை வாங்கட்டும்.

இது பந்தயத்தில் ஓடியிருக்கிறதா, அல்லது பார்க்கத்தான் ஸ்போர்ட்ஸ் காரா?

ஓடியிருக்கிறது, அதிலும் 1963-ஆம் ஆண்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயம் எனக்கு மிகப் பிடித்த கதை. காற்றைக் கிழிக்க நீண்ட கூர்மூக்கு பொருத்திய ஒரே ஓர் எம்ஜிபி. ஓட்டுநர்கள் பேடி ஹாப்கர்க், ஆலன் ஹட்சிசன். பந்தயம் தொடங்கிய சற்று நேரத்திலேயே ஹட்சிசன் முல்சான் வளைவில் வண்டியை மணலில் கொண்டுபோய்ச் சொருகிவிட்டார். விதிப்படி ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் கை வைக்கக்கூடாது. மனிதர் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் தனியாக மணலைத் தோண்டி வண்டியை மீட்டார். அவ்வளவு நேரம் போன பிறகும், 24 மணி நேரம் முடிந்தபோது மொத்தத்தில் 12-ஆவது இடம், தன் எஞ்சின் பிரிவில் முதலிடம். தோண்டாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போடாத எம்ஜிபி உரிமையாளரை நான் பார்த்ததில்லை.

1965-இல் ஹாப்கர்க், ஆண்ட்ரூ ஹெட்ஜஸ் இணை அங்கே 11-ஆவதாக வந்தது. 1964 மான்டே கார்லோ ராலியில் மோர்லி சகோதரர்கள், இரட்டையர்கள், தொழிலால் விவசாயிகள், எம்ஜிபியில் ஜிடி பிரிவை வென்றார்கள். அதே ராலியின் ஒட்டுமொத்த வெற்றி யாருக்கு? மினி கூப்பரில் வந்த அதே ஹாப்கர்க்குக்கு.

ஜிடியின் பின் இருக்கையில் ஆள் உட்கார முடியுமா?

குழந்தைகள் உட்காரலாம். பெரியவர்களுக்கு அது தண்டனை. ஒருமுறை என் மைத்துனர் பிடிவாதமாக ஏறினார். இறங்க இருவர் இழுக்க வேண்டியிருந்தது. ஆனால் கடைச் சாமான் வைக்க, பெட்டி வைக்க அருமையான இடம். பின்கதவு மேலே திறக்கும். மேலாளர் ஜான் தோர்ன்லி விரும்பியது இதைத்தான்: ஆஸ்டன் மார்ட்டின் வாங்க முடியாத, ஆனால் அலுவலக வாசலில் கௌரவமாக வந்து இறங்க நினைக்கிற மனிதருக்கான வண்டி. மழை அதிகமாகப் பெய்யும் நாட்டில் நான் கூரையுள்ளதைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

எம்ஜிசி ஏன் தோற்றது?

கனம். ஓய்வுபெறும் ஆஸ்டின் ஹீலி 3000-இன் இடத்தை நிரப்ப, எம்ஜிபியின் மூக்கில் 2,912 சிசி ஆறு சிலிண்டர் எஞ்சினைத் திணித்தார்கள். பானெட்டில் ஒரு மேடு எழுப்பி, முன் சஸ்பென்ஷனையே மாற்றித்தான் அதை உள்ளே நுழைக்க முடிந்தது. பழைய எஞ்சினைவிட ஏறக்குறைய 90 கிலோ கூடுதல், எல்லாம் முன் சக்கரங்களின் மேல். வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. பத்திரிகைகள் கிழித்தன. இதையே ஹீலி பெயரிலும் விற்கலாம் என்றபோது டொனால்ட் ஹீலி மறுத்துவிட்டார்.

1967 முதல் 1969 வரை சுமார் 9,000 வண்டிகள், அத்தோடு சரி. நீண்ட நேர்ச்சாலையில் அது ராஜா மாதிரி ஓடும் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும். உண்மையிலேயே பின்னாளில் ராஜாவான ஒருவர், இளவரசர் சார்லஸ், இளமையில் ஓட்டியது எம்ஜிசி ஜிடிதான்.

அப்படியானால் எட்டு சிலிண்டர் போட்டால் இன்னும் கனமல்லவா ஆகும்?

இந்தக் கேள்வி கேட்டால் எனக்கு மகிழ்ச்சி, ஏனென்றால் பதில் தலைகீழ். ரோவரின் வி8 எஞ்சின் அலுமினியத்தால் ஆனது. அமெரிக்காவின் பியூக்கிடமிருந்து வந்த வடிவம். 3,528 சிசி இருந்தும் எடையில் எம்ஜிபியின் நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினை ஏறக்குறைய ஒத்தது. இதை முதலில் செய்து காட்டியவர் நிறுவனத்துக்கு வெளியே இருந்த கென் காஸ்டெல்லோ. அவர் வண்டிகளைப் பார்த்த பிறகுதான் நிறுவனத்துக்கு யோசனை வந்தது.

1973 ஆகஸ்டில் எம்ஜிபி ஜிடி வி8 வெளிவந்தது. இரண்டு மாதத்தில் அரபு நாடுகள் எண்ணெய்க் குழாயை மூடின. பெட்ரோல் குடிக்கும் வண்டிக்கு அதைவிடக் கெட்ட ஜாதகம் அமையாது. மிகப்பெரிய சந்தையான அமெரிக்காவுக்கு அதை அனுப்பவும் இல்லை. 1976-இல் நிறுத்தும்போது மொத்தம் 2,591 வண்டிகள். இன்று ஒன்றை வாங்க வேண்டுமானால் நான் என்னுடையதை விற்று, மேலே கடனும் வாங்க வேண்டும்.

அந்தக் கறுப்பு ரப்பர் பம்பரை யார் கண்டுபிடித்தது? அழகைக் கெடுத்துவிட்டதே!

அமெரிக்கச் சட்டம். மெதுவான மோதலில், மணிக்கு ஐந்து மைல் வேகத்தில், விளக்குகள் போன்றவை சேதமாகக்கூடாது என்றும் பம்பர் ஓர் அளவான உயரத்தில் இருக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். எம்ஜிபியில் பெரும்பகுதி அங்கேதான் விற்றது. கடைக்காரர் வாடிக்கையாளர் சொல்வதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். 1974 செப்டம்பரிலிருந்து, அதுவரை இருந்த குரோம் பம்பர் போய், இரும்புச் சட்டத்தை உள்ளே மறைத்த கறுப்புப் பிளாஸ்டிக் முகம் எல்லா நாட்டு வண்டிகளுக்கும் வந்தது. பேச்சில் அது ரப்பர் ஆகிவிட்டது.

முகத்தைவிடப் பெரிய பாவம் கீழே நடந்தது. பம்பர் உயரத்துக்காக வண்டியையே ஒன்றரை அங்குலம் தூக்கிவிட்டார்கள். உடலைத் திருத்தப் பணம் இல்லை, ஆகவே சஸ்பென்ஷனை உயர்த்தினார்கள். போதாததற்கு, திறந்த வண்டியில் முன்பக்க ஆன்டி-ரோல் பட்டையைச் செலவு மிச்சம் என்று கழற்றினார்கள். வளைவில் வண்டி படகு மாதிரி சாய்ந்தது. 1976-இன் நடுவில் முன்னும் பின்னும் பட்டைகள் வைத்து ஒருவாறு சரிசெய்தார்கள்.

அமெரிக்காவுக்குப் போனவை இன்னும் பாவம்: இரட்டை எஸ்யூ கார்பரேட்டர்கள் போய் ஒற்றை ஸ்ட்ராம்பெர்க், புகை கட்டுப்பாட்டுக் கருவிகள், 70-க்கும் கீழே இறங்கிய குதிரைத்திறன். இருந்தாலும் எல்லோரும் ரப்பர் பம்பரைத் திட்டும்போது நான் சேர்ந்து திட்டுவதில்லை. 12 வயதான வடிவத்துக்குப் புது வண்டி செய்யாமல் ஒட்டுப்போட்டவர்களைத் திட்டலாம்.

அமெரிக்க வண்டியில் மூன்று வைப்பர் ஏன்?

அதே சட்டப் புத்தகம், வேறு பக்கம். முன் கண்ணாடியில் இத்தனை பரப்பு துடைக்கப்பட வேண்டும் என்றார்கள். குட்டையான, அகலமான கண்ணாடிக்கு இரண்டு போதவில்லை.

இவ்வளவு விற்ற வண்டியை ஏன் நிறுத்தினார்கள்?

1968-இல் பிஎம்சியும் லேலண்டும் இணைந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. போட்டியாளரான டிரயம்ஃப் ஒரே நாளில் ஒரே வீட்டுக்குள் வந்தது. நாற்காலிகளில் அமர்ந்தவர்களில் பலர் லேலண்ட், டிரயம்ஃப் பக்கத்து ஆட்கள். புதிய ஸ்போர்ட்ஸ் காருக்கான பணம் டிரயம்ஃப் டிஆர்7-க்குப் போனது. எம்ஜிபி மாற்றாள் கிடைக்காத காவல்காரர் மாதிரி நின்றுகொண்டே இருந்தது.

1979-இல் பவுண்டின் மதிப்பு ஏறியது. அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு வண்டியிலும் நஷ்டம் என்று நிறுவனம் சொன்னது. அபிங்டன் நகரம் எம்.ஜி. அங்கே வந்த ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடி முடித்த மறுநாள், செப்டம்பர் 10, திங்கட்கிழமை, தயாரிப்பு நிறுத்தப்படும் என்ற அறிவிப்பு வந்தது. தோரணங்களைக் கழற்றக்கூட நேரம் கொடுக்கவில்லை. ஆஸ்டன் மார்ட்டின் தலைமையில் ஒரு குழு தொழிற்சாலையை வாங்க முயன்றது, பேரம் படியவில்லை. 1980 அக்டோபரில் கடைசி வண்டி வெளியேறியது. யாருக்காக எம்ஜிபியைப் பட்டினி போட்டார்களோ, அந்த டிஆர்7 அடுத்த ஆண்டே நின்றது.

மொத்தம் எத்தனை செய்தார்கள்?

சி, வி8 உட்பட 5 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேல். மாஸ்டாவின் எம்எக்ஸ்-5 வந்து முந்தும்வரை உலகில் அதிகம் விற்ற திறந்த ஸ்போர்ட்ஸ் கார் வரிசையில் இதுவே முதலில் நின்றது.

நாற்பது ஆண்டுக்கு முன் நின்றுபோன வண்டிக்கு உதிரிபாகம் கிடைக்குமா?

என் வீட்டு ஐந்து வயது வாஷிங் மெஷினுக்குக் கிடைப்பதைவிட எளிதாகக் கிடைக்கும். முதல் கேள்வியில் சொன்ன பழக்கத்தின் பலன் இது: பாதிப் பாகங்கள் லட்சக்கணக்கான சாதாரணக் கார்களிலும் இருந்தவை. அதைவிட ஆச்சரியம், முழு உடலே புதிதாகக் கிடைக்கிறது. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனத்தார், சிதறிக் கிடந்த பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988 முதல் புது எம்ஜிபி கூடுகளைச் செய்தார்கள். துருவில் கரைந்த வண்டியின் எஞ்சினையும் உள்பாகங்களையும் புதுக் கூட்டுக்கு மாற்றிவிடலாம்.

அந்தக் கூடுகள் இன்னொரு பிள்ளையும் பெற்றன. 1992-இல் ரோவர் நிறுவனம் அதே கூட்டைத் திருத்தி, 3.9 லிட்டர் வி8 வைத்து, எம்ஜி ஆர்வி8 என்று அறிமுகப்படுத்தியது. ஏறக்குறைய 2,000 வண்டிகள்; பெரும்பாலானவை ஜப்பானுக்குப் போயின.

வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

எஞ்சினைப் பிறகு பாருங்கள். முதலில் முழங்காலிட்டு, கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியைப் பாருங்கள். சேஸி கிடையாது என்று மேலே சொன்னேனே, அந்த வேலையைச் செய்வது இதுதான். மூன்று அடுக்குத் தகடு; துரு உள்ளிருந்து வெளியே வரும். வெளித்தகட்டில் கொப்புளம் தெரிந்தால் உள்ளே ஏற்கெனவே கதை முடிந்திருக்கும்.

இதைப் பட்டுத்தான் கற்றேன். வாங்கிய இரண்டாம் ஆண்டு ஒரு பட்டறையில் சில்லை வெட்டி மாற்றக் கொடுத்தேன். நடுவில் முட்டுக் கொடுக்காமல் வெட்டியிருக்கிறார்கள். வண்டி இடுப்பில் கொஞ்சம் தொய்ந்துவிட்டது. அந்த நிலையிலேயே புதுத் தகட்டைப் பற்றவைத்துவிட்டார்கள். பளபளவென்று திரும்பி வந்த வண்டியின் கதவு மூடவில்லை. வேறோர் இடத்தில் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி செய்ய முதல் செலவைப்போல இரண்டு மடங்கு ஆனது. ஆகவே, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவின் பின்பக்க இடைவெளி மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

பேட்டரி எங்கே இருக்கிறது? ஜம்ப் ஸ்டார்ட் செய்யலாமா?

இருக்கைக்குப் பின்னால், தரைக்குக் கீழே. 1974 வரை இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள், பக்கத்துக்கு ஒன்று. பிறகு ஒரே 12 வோல்ட். கவனிக்க வேண்டியது வேறொன்று: 1967 இறுதி வரை வந்த வண்டிகளில் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும், இன்றைய வண்டிகளுக்கு நேர் எதிர். உதவ வரும் நல்லவர் வழக்கம்போல ஒயரை மாட்டினால் புகைதான் வரும். நிறையப் பேர் பின்னால் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், எனவே ஆண்டை நம்பாமல் ஒயரைப் பாருங்கள்.

ஈயம் கலக்காத பெட்ரோல் போட்டால் எஞ்சின் கெட்டுவிடுமா?

கெடும், ஆனால் மெதுவாக. ஈயம் வால்வு அமரும் இடத்தைக் காத்துவந்தது. சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிக் கடினமான வால்வு சீட்டுகள் பொருத்திவிட்டால் கவலை தீர்ந்தது. இன்று பெரிய தொல்லை எத்தனால்: பத்து சதவீதம் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களை அரிக்கும். நான் ஐந்து சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டு, குழாய்களையும் மாற்றிவிட்டேன்.

குரோம் பம்பர் வண்டி என்று சொல்லி விற்கிறார்கள். பிறகு மாற்றிய ரப்பர் பம்பர் வண்டியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மாற்றுவது குற்றமில்லை; மறைத்து விற்பதுதான் குற்றம். சேஸி எண்ணின் முன்னெழுத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள், இரண்டு வகைக்கும் ஒரே முன்னெழுத்து வந்த காலம் உண்டு. பின்னால் வரும் தொடர் எண்ணைத் தயாரிப்புப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். அதற்கு முன் சும்மா ஒரு பார்வை: சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கை புகும் அளவு இடைவெளி இருந்தால், அந்த ஒன்றரை அங்குலம் இன்னும் இறங்கவில்லை. இருக்கைக்குப் பின்னால் ஒரே பேட்டரிக் குழி இருந்தால், முன்பு சொன்ன கணக்குப்படி 1974-க்குப் பிந்தைய கூடு. பானெட்டைத் திறந்து ரேடியேட்டரைப் பாருங்கள். கடைசி ஆண்டுகளின் நான்கு சிலிண்டர் வண்டிகளில் அது முன்னால் தள்ளிப் போயிருக்கும். குரோம் பூசுகிறவர்கள் இதையெல்லாம் மாற்ற மெனக்கெடுவதில்லை.

தம்பி, எல்லாம் சரி, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?

ஒன்பது, சாலை காலியாக இருந்தால் பத்து, சித்தப்பா. ஓவர்டிரைவ் சுவிட்சைத் தட்டிவிட்டு நிதானமாகப் போனால் இன்னும் கொஞ்சம். சென்ற மாதம் கேட்டபோதும் இதையேதான் சொன்னேன்.